ஆமா, குதிரைதான்

கட்டைவிரலில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். பாத்திரம் தேய்க்கிற புளியை வைத்துத் தேய்த்தும் பார்த்தாயிற்று. மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், அதற்கு மேல் பொட்டு வெடியின் மருந்து. மோந்து பார்க்கிறபோதெல்லாம் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, அண்ணா. இன்றைக்குக் காலையில் உனக்கு வருஷ பூசை. செத்தவனைத் திட்டாதே என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நான் திட்டத்தான் போகிறேன். நீ உயிரோடு இருந்தபோது ஏழு வருஷம் பேசாமல் சேர்த்து வைத்தது, வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவேன்?

பத்து நாளைக்கு முன்னால் அண்ணி வந்தார். நல்ல வெயிலில் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கையில் ஒரு கட்டைப்பை. வந்ததும் வராததுமாகக் கதவைத் தாழ் போட்டார். ஜன்னலையும் சாத்தினார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்தார்.

"வருச பூசைக்கு வூட்டுக்கு ஆளுங்க வருவாங்கன்னு பரண் மேல சுத்தம் பண்ணேன் பாப்பா. உங்க அண்ணன் எனுக்கு வச்சுட்டுப் போன சொத்தப் பாரு. துப்பாக்கி. மூணு நாளா எனுக்குச் சோறு எறங்கல."

டின்னைத் திறந்தேன். நைனாவின் கைத்துப்பாக்கி. முழுசாக இல்லை, துண்டு துண்டாக. கைப்பிடிக் கட்டையும் குழலும் பழைய பனியன் துணியில் சுற்றியிருந்தன. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னச் சின்னக் காகிதக் கவர்களில். ஒவ்வொரு கவரிலும் உன் சாய்ந்த கையெழுத்து. ‘ஸ்பிரிங் – புதுசு.’ ‘கொக்கி.’ ‘விசை.’ ஒரு கவரில் ‘குதிரை’ என்று மட்டும் எழுதியிருந்தாய்.

துப்பாக்கியின் பின்பக்கம் வளைந்து நிற்கிற இரும்பு அது. விசையை இழுத்தால் மேலிருந்து விழுந்து அடிக்குமே, அதற்குப் பேர் குதிரை. எனக்குத் தெரியாத சொல்லா? எட்டு வயதிலேயே தெரியும். தெரிந்திருந்தும் எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் மாதா கோயில் வாசலில் ஊர் முன்னால் உன் மானத்தை வாங்கினேன். கவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அண்ணி பயந்துபோய் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நைனா துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டினவர். நம் ராயபுரத்து எதிர்வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியர், ரயில் எஞ்சின் ஓட்டியவர், வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது இதை நைனாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பாட்டன் காலத்துச் சாமான். குழலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி எப்போதோ அடைத்துவிட்டார்கள், ஒரு கொசுவைக்கூடச் சுட முடியாது. ஆனால் பொட்டு வெடி வைத்தால் சத்தம் வரும். மாதா திருவிழாவில் கட்டுமரப் போட்டி நடக்குமே, கரையில் நின்று நைனா துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி ஒரு ‘டப்’, உடனே அத்தனை மரமும் அலையில் பாயும். பொட்டை எடுத்து, குதிரை வந்து அடிக்கிற முளையின்மேல் வைப்பது என் வேலை. எச்சில் தொட்டு ஒட்டினால் நமுத்துப்போகும் என்று நைனா என் தலையில் தட்டுவார். அது வீட்டில் இருக்கிற நாளெல்லாம் நமக்கு ஒரே சட்டம்தான்.

"எத்த வேணா தொடு. குதிரையத் தொடாத."

தொட்டவன் நீ. உனக்குப் பதினொரு வயது. நைனா வேலைக்குப் போயிருந்தார், அம்மா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். "உள்ள இன்னா கீதுன்னு பாக்கலாமா பாப்பா?" என்று திருப்புளியை எடுத்தவன் நீதான். பக்கத்தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்த வளைந்த ஸ்பிரிங் எகிறி, சுவரில் மோதி, இரண்டு துண்டாக என் காலடியில் விழுந்தது. நாம் இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க மிச்சத்தைச் சேர்த்துப் பூட்டினோம். பூட்டி முடித்தால் இரண்டு ஸ்க்ரூ கையில் நிற்கிறது. அந்த இரண்டையும் நீ என்ன செய்தாய்? என் பென்சில் டப்பாவில் போட்டாய். சாயங்காலம் நைனா கேட்டபோது, "பாப்பாதான் நைனா, டப்பாவப் பாருங்க" என்றாய். பெல்ட்டால் எனக்கு விழுந்தது ஆறு அடி. நீ கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தாய், பாவி.

நைனா யாரிடமோ கொடுத்து வேறு ஸ்பிரிங் போட்டுப் பார்த்தார். பிரயோசனமில்லை. குதிரை பாதி தூரம் வந்து நின்றுவிடும், அடிக்காது. அடுத்த வருஷத்திலிருந்து போட்டியை விசில் ஊதித்தான் ஆரம்பித்தார்கள். நைனா கரைக்கு வருவதையே விட்டுவிட்டார். அந்த ஆறு அடியை நான் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் சொல்லாமல் விட்டதில்லை. கேக் வெட்டும்போது சொல்லுவேன், உன் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னேன். அப்போதெல்லாம் நீ ஒத்துக்கொண்டதே இல்லை. "ஒரு நாளு அந்தக் குதிரைய அடிக்க வச்சு உன் கைல குடுக்கறேன். அப்பனா வாய மூடுவியா?" என்பாய்.

அந்தப் பேச்சு எனக்கு மறந்துபோனதற்கு நீயே காரணம். நடுவில் இன்னொரு குதிரை வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிண்டிக்கு ரேஸ் பார்க்கப் போக ஆரம்பித்தாய். என் கல்யாணத்துக்கு அம்மா எடுத்து வைத்திருந்த தோட்டைக் கொண்டுபோய்த் தொலைத்தாய். கழுத்தில் ஒரு சங்கிலி, காதில் ஈர்க்குச்சி என்று மணவறையில் உட்கார்ந்தவள் நான். அதற்குப் பிறகு அந்தோணியார் சுரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினாய்: "இனிமே குதிரை பக்கம் தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்." இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாய். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் வீட்டில் குதிரை என்ற சொல் வந்தாலே எனக்குக் காது கூச ஆரம்பித்துவிட்டது. நைனாவின் குதிரை எனக்குள் செத்தே போய்விட்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, நெத்திலிக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். மாடிப்படியில் ஏறும்போதே மேலே உன் குரல். போனில் அடித்தொண்டையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய்.

"சனிக்கெயம குதிரை கண்டிப்பா அடிக்கும் மாமு. முன்ன மாதிரி பாதில நிக்காது. வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது, நீயும் வாயத் தொறக்காத."

நீயே சொல், அண்ணா. வேறு யாராக இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள்? சட்டியைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். மூன்று நாள் சோறு தின்னவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, மாதா சுரூபம் இருக்கிற கெபி முன்னால் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கூடி நின்றிருந்தார்கள். வருஷா வருஷம் சப்பரத்துக்கு முன்கயிறு பிடிக்கிறவன் நீ. கமிட்டித் தலைவர் உன் தோளில் கை போட்டு என்னவோ சொல்லிச் சிரித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"இந்த ஆளு கைல சப்பரக் கயிறு குடுக்காதீங்க! மறுபடியும் குதிரைக்குப் போறாரு. அந்தோணியார் மேல பண்ண சத்தியத்தத் தின்னுட்டாரு!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். அண்ணி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டார். நீ கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் கண்ணையே பார்த்தாய். புருவத்தைத் தூக்கினாய். உதட்டோரத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

"ஆமா, குதிரைதான்" என்றாய். பிறகு நிறுத்தி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தடவை: "குதிரை, பாப்பா. குதிரை."

"பாத்தீங்களா, வாயாலயே ஒத்துக்கினாரு!" என்று நான் கத்தினேன்.

அந்த வருஷம் முன்கயிறு வேறு ஆள் கைக்குப் போனது. அதற்குப் பிறகு உனக்கு வரவே இல்லை. டீக்கடையில் நீ நுழைந்தால், "தோ, குதிரை வருதுபா" என்பார்களாம். அண்ணி தினமும் உன் சட்டைப் பையைத் துழாவி ரேஸ் சீட்டுத் தேடியிருக்கிறார், ஏழு வருஷம். ஒரு சீட்டும் கிடைக்காததால், இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டாய் என்றுதான் நினைத்தாராம். இதை அவர் என்னிடம் சொன்னது போன வாரம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கவரைப் பார்த்த மறுநாளே தண்டையார்பேட்டை சந்துக்குப் போனேன். லேத் பட்டறை வைத்திருக்கிற பாய், உன் தோஸ்து, நீ ‘மாமு’ என்று கூப்பிடுகிற ஒரே மனிதர். முப்பது வருஷம் மோட்டார் காயில் சுற்றி வயிற்றைக் கழுவினவள் நான். அந்தப் புது ஸ்பிரிங்கைப் பார்த்ததுமே லேத் பட்டறையில் தேய்த்தது என்று தெரிந்துவிட்டது. அதை அவர் மேஜைமேல் வைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு அதை எடுத்துத் தாடியில் துடைத்தார்.

"ஆறு மாசம் உங்க அண்ணன் என் உயிர எடுத்துட்டாருமா. ஒண்ணு ஒடயும், ஒண்ணு வளையும், பதமே ஒக்காரல. கடசில லாரி ஸ்பிரிங் பட்டைய அறுத்துத் தேச்சோம். சனிக்கெயம மத்தியானம் வேலையாளுங்க போய்டுவாங்க, நாங்க ரெண்டு பேரும் கதவ சாத்திகினு குதிரை அடிக்குதா நிக்குதான்னு பாத்துகினு இருப்போம்."

"அத்த யாராச்சும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா இன்னா பாய்? எங்க அண்ணன் பேரு நாறிகினு கெடந்துது, நீங்க பாத்துகினு இருந்தீங்களா?" பட்டறையே அதிர்கிற மாதிரி கத்தினேன். வாசலில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"எனுக்கு இன்னாமா தெரியும்? துப்பாக்கின்னு சர்ச் வாசல்ல சத்தமா சொல்ல முடியுமா? போலீஸ் வந்துடாது? அன்னிக்கி நேரா இங்கதான் வந்தாரு. சிரிச்சுகினே வந்தாரு. ‘அவ்ளோ ஜனத்துல பாப்பாவுக்கு மட்டும் வெளங்கற மாதிரி சொல்லிட்டேன் மாமு. வூட்டுக்குப் போயி யோசிப்பா, ஓடியாருவா பாரு’ன்னாரு. நீ வருவன்னு நாலு சனிக்கெயம ஒனுக்கு ஸ்டூலு போட்டு வச்சாரு."

அந்த ஸ்டூலைக் காட்டினார். மேலே கிரீஸ் டப்பா வைத்திருந்தது.

என்ன திமிர் உனக்கு! ஊரே கூடி நிற்கிறது, தங்கை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள், அந்த நேரத்தில் விடுகதையா போடுவார்கள்? என்னை யார் என்று நினைத்தாய்? ஏழாவதோடு நின்றவள், கோபம் வந்தால் கண் தெரியாதவள். உனக்குத் தெரியாதா? ‘எத்த வேணா தொடு, குதிரையத் தொடாத’ என்று நைனா சொன்னது எனக்கு ஞாபகம் வரும் என்று அவ்வளவு நிச்சயமாக எப்படி நம்பினாய்? என்னை அப்படி நம்பியது உன் தப்பு. அப்படி நம்பாமல், அன்று சாயங்காலமே வந்து என் காதைத் திருகி, "அடி முட்டாளே, நைனா துப்பாக்கிடி" என்று சொல்லியிருந்தால் இந்தப் பேஜாரே இல்லை.

வந்தாய். அதையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் கை கூசும்.

அந்த வருஷத்து மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நனைந்துகொண்டு நீ வருகிறாய், ஒரு மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கதவைத் தட்டினாய். "பாப்பா, தொற" என்றாய். மழைச் சத்தத்தில் அதற்குமேல் ஒரே ஒரு சொல்தான் எனக்குக் கேட்டது. குதிரை. ரேஸ் கதை பேச என் வீட்டுக்கே வந்துவிட்டாயா என்று டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தேன். கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு தண்ணீரில் நடந்துபோகிற சத்தம் கேட்டது.

அந்தப் பையில் இருந்தது துப்பாக்கி. முழுசாகக் கோத்து, எண்ணெய் போட்டு, குதிரை அடிக்கிற துப்பாக்கி. பாய்தான் சொன்னார்: "ஒனுக்குக் காட்டத்தான் எட்னு போனாரு. திரும்பி வந்து இந்த ஸ்டூலு மேலயே ஒக்காந்து அத்தனையும் பிரிச்சாரு. ‘அவளே வந்து சேக்கட்டும் மாமு’ன்னாரு."

சரி, ஒரு தடவை திறக்கவில்லை. மறுபடி ஏன் வரவில்லை? ஆறு வருஷம் இருந்ததே! எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, ஒரே பந்தலில் ஆளுக்கொரு மூலையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம். எழுந்து வந்திருந்தால் உன் கால் தேய்ந்துவிடுமா? எனக்குத்தான் ரோஷம் என்றால் பெரியவன் உனக்கும் வேண்டுமா? போன வருஷம் அண்ணி போன் பண்ணி, "நெஞ்சு வலிக்குதுங்கறாரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம், வா பாப்பா" என்றபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "அப்பால வர்றேன்" என்றேன். அப்பால நான் வந்தபோது உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஊரே அழுதது. நான் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன், சத்தியத்தைத் தின்றவன் என்று.

பாய் பட்டறையிலிருந்து வந்து மூன்று நாள் டின்னைத் தொடவில்லை. நாலாம் நாள் மத்தியானம் சமையலறையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன். எதற்குப் பின் எது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கவரின் ஓரத்தில் பொடியாக எண் போட்டிருந்தாய். ஒன்று, கொக்கி. இரண்டு, அதன் ஸ்க்ரூ. மூன்றாவது கவரில், ‘இத்த இறுக்கிட்டு அரை சுத்து லூஸ் விடு.’ யாருக்கு எழுதினாய் அதை? உனக்கா? கழற்றியவனுக்கு எதற்கு எண்? அந்த ‘விடு’வைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உயிரோடு இருக்கிறவளிடம் பேசத் துப்பில்லை, மாத்திரைக் கவரோடு பேசியிருக்கிறாய்.

ஸ்பிரிங்கை ஏற்றத்தான் திண்டாடிப்போனேன். கைக்கு அடங்கவில்லை. வழுக்கி ஒரு தடவை என் புறங்கையைக் கிழித்தது. ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு, உன்னையும் பாயையும் லாரிப் பட்டையையும் சேர்த்து ஏசிக்கொண்டு, காயில் சுற்றுகிற காலத்துச் சின்ன வைஸில் பிடித்து அழுத்தி உள்ளே தள்ளினேன். கடைசியில் குதிரையை மாட்டி ஸ்க்ரூவை முடுக்கினேன். பின்னால் இழுத்தேன். பாதியில் ஒரு ‘க்ளிக்’, முழுசில் இன்னொரு ‘க்ளிக்’. விசையைத் தொட்டேன். அடித்தது. சமையலறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன். ஆனால் டின்னில் இன்னும் ஒரு கவர் மிச்சம். குலுக்கினால் உள்ளே சத்தம். பிரித்தேன். துருப்பிடித்த இரண்டு ஸ்க்ரூ. கவரின்மேல் உன் கையெழுத்து: ‘பென்சில் டப்பா – 2. நாந்தான்.’

ஐம்பது வருஷம் கழித்து, அதுவும் கவருக்கு மேலே! என் முகத்துக்கு நேராகச் சொல்ல உனக்கு வாய் இல்லை. செய்தித்தாள்மேல் அப்படியே குனிந்து அழுதேன் அண்ணா. உன் சாவுக்கு அழாததையும் சேர்த்து அழுதேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, கையில் துப்பாக்கியோடு நான் அழுவதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அழுது முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எந்த இடத்தில் உன் பேரைக் கெடுத்தேனோ, அந்த இடத்தில் அதே ஆட்களுக்கு முன்னால் இதைக் காட்ட வேண்டும். அண்ணி என் காலில் விழாத குறை. "வேணாம் பாப்பா. செத்தவரு பேர்ல கேசு கீசுன்னு வந்தா? எம் பொண்ணு கவர்மெண்டு பரீட்ச எய்தி வச்சுகீறா. பேரு போனா போவுது, அவருக்கு இன்னா தெரியவா போவுது?" அவர் பயத்தில் ஒரு தப்பும் இல்லை. கோயில் தெரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். அடைத்த குழல், பழங்காலத்துச் சாமான், பயப்படாதீர்கள், ஆனால் மறைத்து வைக்காமல் நீங்களே ஸ்டேஷனில் கொண்டுபோய் எழுதிக்கொடுத்துவிடுங்கள் என்றார். "திரும்பக் குடுப்பாங்களா சார்?" என்றேன். "அத எதிர்பாக்காதீங்கம்மா" என்றார். அண்ணியிடம் போய், எழுதிக்கொடுப்பது என் பேரில், கேஸ் வந்தாலும் என் தலையில் என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. கட்டைப்பையை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

இன்றைக்குப் பூசையில் உன் பேரைச் சாமியார் வாசித்தபோது பின்வரிசையில் எவனோ கனைத்தான். குதிரை மாதிரிக் கனைத்தான். எனக்குக் கேட்டது, அண்ணிக்கும் கேட்டது. பூசை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கெபி முன்னால் அதே இடம், அதே கமிட்டித் தலைவர். தலைமுடிதான் வெளுத்துவிட்டது. "கொஞ்சம் நில்லுங்க எல்லாரும்" என்று கத்தினேன். "நம்ம பாப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டா" என்று யாரோ சொன்னார்கள். டின்னைத் திறந்து துப்பாக்கியை எடுத்ததும் ஒரு பத்தடிக்கு இடம் காலியாகிவிட்டது.

"பயப்படாதீங்க, அடச்ச குழாய். எங்க நைனாது. எட்டு வருசத்துக்கு முன்னால இங்கதான் நின்னேன், எங்க அண்ணன் குதிரைக்குப் போறாருன்னு சொன்னேன். அவரு எந்த ரேசுக்கும் போகல. அந்தோணியார் மேல பண்ண சத்தியம் அப்படியே கீது. அவரு ரிப்பேர் பண்ணது இந்தக் குதிரைய. நான்தான் தப்பா சொல்லிட்டேன். நான்!"

பொட்டை முளைமேல் வைத்தேன். எச்சில் தொடவில்லை. குதிரையைப் பின்னுக்கு இழுத்தேன், கையை வானத்துக்குத் தூக்கினேன், விசையை இழுத்தேன்.

டப்.

கமிட்டித் தலைவர் துள்ளிப் பின்னால் போய் ஒருவர் காலை மிதித்துவிட்டார். கூட்டத்தில் ஒரு வயசான கட்டுமரக்காரர், ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு, "அடேய், இது லாஞ்சு நைனா துப்பாக்கிடா! போட்டிக்கு வுடுவாரே!" என்றார். பாதி பேருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அட, இத்த அன்னிக்கே உங்க அண்ணன் சொல்லிருக்கலாமேம்மா" என்றார் தலைவர், சட்டையைச் சரிசெய்துகொண்டே.

"சொன்னாரு. ‘ஆமா, குதிரைதான்’னு உங்க எல்லாரு முன்னாலயும் ரெண்டு வாட்டி சொன்னாரு. எனுக்குத்தான் காது இல்ல. உங்களுக்கு இன்னா வந்துது? இருபது வருசம் ஒயுங்கா இருந்த மனுசன, ஒரு பொம்பள கத்துனான்னு கயித்தப் புடுங்கிட்டீங்களே. போயி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கனைத்தவன் யார் என்று தேடினேன், அவனைக் காணோம். அண்ணி வந்து என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கினார். பத்து நாளாகத் தொடவே பயந்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டப் பையில எல்லாம் தேடினேனே பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நேரே ஸ்டேஷன். அண்ணியும் கூடவே வந்தார். எழுதுகிற மேஜையில் சின்ன வயசுப் போலீஸ்காரர். வக்கீல் எழுதிக்கொடுத்த தாளை வாங்கி வைத்துக்கொண்டு துப்பாக்கியைப் புரட்டினார். ஒவ்வொரு பாகமாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். கட்டை, குழல், விசை. எனக்கு உள்ளே என்னவோ கழன்றுகொண்டே வந்தது. ஒரு வாரம்கூட என் வீட்டில் முழுசாக இருக்கவில்லை அது.

ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அந்தக் கடைசிக் கவர், இரண்டு ஸ்க்ரூவோடு, என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. துப்பாக்கிக்கு அது தேவையில்லை, நாம் அன்றைக்குப் பூட்ட மறந்த இடத்தில் வேறு ஸ்க்ரூ போட்டிருந்தாய். எனக்குத் தேவை. ‘நாந்தான்’ என்று நீ எழுதின பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். தினமும் திறந்து பார்த்து உன்னைத் திட்டிவிட்டுத்தான் செபம் சொல்லப்போகிறேன். அதன் அடியில் நானும் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேன், பேனாவால் அழுத்தி: ‘நானும்தான்.’

போலீஸ்காரர் கடைசியாக அந்த வளைந்த இரும்பில் விரலை வைத்துக்கொண்டு, "இது இன்னாம்மா?" என்றார்.

"குதிரை."

பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்தார் போல. புருவம் சுருங்கியது. "குதிரையா?"

நான் அவர் கண்ணையே பார்த்தேன்.

"ஆமா, குதிரைதான்" என்றேன்.